சிக்னலில் ஏறும் முள்

சிக்னலில் நின்றால் இன்ஜின் டெம்பரேச்சர் முள் ஏறுது, பைபாஸில் ஓடினால் தானா இறங்குது. இன்று ஷெட்டுக்கு வந்த காரிலும் இதே புகார்.

இப்படி இருந்தால் ரேடியேட்டர் ஃபேனைத்தான் முதலில் பார்க்கணும். வண்டி ஓடும்போது எதிர்காற்று போதும். நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் கதியில்லை.

ஏசியைப் போடுங்க. பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்றும். சுற்றலையா? ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு கரண்டை விடும் சுவிட்ச்) பாருங்க. அப்புறம் கனெக்டரைக் கழற்றி மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுங்க.

இன்று வந்த காரில் மோட்டார் சுற்றியது, ஆனால் முக்கி முக்கி.

கனெக்டரில் ஒரு பின் கருகி, சுற்றிலும் பிளாஸ்டிக் இளகி வழிந்திருந்தது. புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து இறுகின மோட்டார் கரண்டை அதிகமா இழுக்கும், கனெக்டர் பின்னு சூடாகும். கனெக்டரை மட்டும் மாற்றினால் மறுபடி உருகும். மோட்டாரையும் சேர்த்தே மாற்றணும்.

ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு 30 ஆம்பியர் இடத்தில் 40 போடாதீங்க, ப்ளீஸ். வயரிங்கே எரியும்.