கெரிபூஸ் கோட்டை மாதிரி: பாறையிலிருந்து தொடங்கிய இரண்டாவது முயற்சி

தெற்கு பிரான்சின் கோர்பியேர் மலைகளில், 728 மீட்டர் உயரமுள்ள ஒரு சுண்ணாம்புப் பாறை முகட்டின்மேல் இடிந்து நிற்கும் கெரிபூஸ் கோட்டையை மாதிரியாகச் செய்யத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு மாதங்களில் செய்ததை முழுவதும் கலைத்துவிட்டு, மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினேன். கோட்டையை முதலில் செய்து, அதற்கேற்ப மலையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியதே என் பிழை. சமமான பலகையின்மேல் எழுப்பிய மதில்கள் அளவில் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அது எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு கட்டடமாகத் தெரிந்ததே தவிர, கெரிபூஸாகத் தெரியவில்லை.

இக்கோட்டை அங்கே இருப்பதற்குக் காரணமே அதன் கீழே உள்ள கணவாய்தான். கிரோ தெ மோரி என்னும் அந்தக் கணவாய் ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மோரிச் சமவெளியிலிருந்து வடக்கே குகுன்யான் சிற்றூருக்குச் செல்லும் வழி அதைக் கடந்தே போகிறது. 1258இல் பிரான்சின் ஒன்பதாம் லூயியும் இன்றைய ஸ்பெயினில் உள்ள அரகோன் நாட்டின் முதலாம் ஜெய்மேயும் செய்துகொண்ட கோர்பேய் உடன்படிக்கையின்படி இரு நாடுகளின் எல்லை இந்தப் பகுதியில் அமைந்தபோது, கெரிபூஸ், பேர்பெர்த்யூஸ், அகிலார், தெர்ம், புய்லோரான் ஆகிய ஐந்து கோட்டைகளும் கர்காசோன் நகரத்தின் முன்காவலாக நின்றன. அவற்றைக் 'கர்காசோனின் ஐந்து புதல்வர்கள்' என்று அழைப்பர். ஆகவே கணவாய் இல்லாத மாதிரி பொருளற்றது என்று முடிவு செய்தேன்.

அடுத்து வந்த சிக்கல் அளவுவிகிதம். கணவாயிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 300 மீட்டர் ஏற்றம் இருப்பதால், 1:200 என்ற அளவில் மலை மட்டுமே ஒன்றரை மீட்டர் உயரம் வரும். அதை வைக்க வீட்டில் இடமில்லை. 1:1000 என்று வைத்தால் மலை 30 சென்டிமீட்டருக்குள் அடங்கும், ஆனால் கோட்டை விரல் நுனியளவாகிவிடும். கடைசியில் இரண்டு மாதிரிகள் செய்வதென்று துணிந்தேன்: மலையும் கணவாயும் 1:1000இல், கோட்டை மட்டும் தனியே 1:200இல்.

மலைக்கு 10 மில்லிமீட்டர் தெர்மாகோல் தாள்களைப் பயன்படுத்தினேன். நிலவரைபடத்தின் சம உயரக் கோடுகளை 10 மீட்டருக்கு ஒன்றாகப் படியெடுத்தால் ஒரு தாள் ஒரு கோட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. முப்பது அடுக்குகளில் மலை முடிந்தது. சூடான கம்பியால் வெட்டும்போது நடுவில் நிறுத்தினால் அந்த இடம் குழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கோட்டையும் ஒரே மூச்சில் வெட்டப் பழக வேண்டியிருந்தது. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையே போதும். கரைப்பான் கலந்த பசையோ தெளிப்பு வண்ணமோ தெர்மாகோலை அரித்துவிடும். முதல் முயற்சியில் இரண்டு அடுக்குகளை இப்படித்தான் இழந்தேன். உலர்ந்தபின் படிகளின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசி, அது முழுவதும் இறுகும் முன்பே பழைய கத்தியால் செங்குத்துப் பிளவுகளைச் செதுக்கினேன்.

மலை நிமிர்ந்த அன்று உச்சியில் ஓர் ஊசியைக் குத்தி, அதிலிருந்து கணவாய்க்கு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நூல் எங்கும் பாறையைத் தொடாமல் நேராகச் சென்றது. வழியில் வருபவர் எவரும் மேலிருப்பவர் கண்ணுக்குத் தப்ப முடியாது என்று படித்திருந்ததை அந்த நூல் என் கண்முன் காட்டியபோது, கலைத்த இரண்டு மாத உழைப்பைப் பற்றிய வருத்தம் நீங்கியது.

கோட்டையில் அடுக்கடுக்காக மேலேறும் மூன்று மதில் வளாகங்களும், உச்சியில் பல முகங்கள் கொண்ட காவல் கோபுரமும் உள்ளன. மதில்களுக்கு முதலில் பழுப்பு பூசியிருந்தேன். கோட்டையும் அதே மலையின் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டது என்பதை மனத்தில் கொண்டு, இம்முறை பாறைக்குக் கலந்த சாம்பல் கலவையையே மதிலுக்கும் பூசியதும், பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியதாயிற்று. இதுவே நான் விரும்பிய தோற்றம்.

எந்தக் காலத்துக் கோட்டையைச் செய்வது என்பதையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. திருச்சபை ஒடுக்கிய கத்தார் (Cathar) என்னும் கிறித்தவப் பிரிவினருக்குப் புகலிடம் தந்த இக்கோட்டைத் தலைவர் ஷபேர் தெ பார்பேரா 1255இல் இதை இழந்தார்; ஆனால் இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி அதன்பிறகு பிரெஞ்சு அரசர்கள் திருத்திக் கட்டியது. 1659இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட பிரனீஸ் உடன்படிக்கையால் எல்லை தெற்கே நகர்ந்தபின் இதன் காவல் பணி தேவையற்றுப் போயிற்று. நான் இன்றைய இடிபாட்டையே செய்கிறேன். கண்ணால் காணமுடியாத கூரைகளைக் கற்பனையால் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் வேலை கோபுரத்தின் உள்ளே இருக்கும் தூண் மண்டபத்தில் வந்து நிற்கிறது. ஒற்றை உருண்டைத் தூணிலிருந்து விலா வளைவுகள் பிரிந்து விரிந்து கல் விதானத்தைத் தாங்குகின்றன. தூணுக்கு மூங்கில் குச்சியும் வளைவுகளுக்கு ஈயக் கம்பியும் வைத்துச் செய்த முதல் விதானம் பிளாஸ்டரின் எடையில் தொய்ந்துவிட்டது. அடுத்த வாரம் களிமண்ணில் அச்சு செய்து, விதானத்தைத் தலைகீழாக வார்த்து, கோபுரத்தின்மேல் மூடியைப் போலக் கழற்றி மாட்டும்படி அமைக்கப் போகிறேன்.