மூணு சக்கர சைக்கிள் மிதிக்க கனமா இருக்கா?

அப்பா இப்போ மூணு சக்கர சைக்கிள்ல சின்ன மேடெல்லாம் இறங்காமலே ஏறிடுறார். மோட்டார் எதுவும் போடல, பின் பல்சக்கரத்தை மாத்தினோம், அவ்ளோதான். முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல் இருந்தது. பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் கிட்டத்தட்ட ரெண்டரை சுத்து. பின்னாடி 22 போட்டதும் சரியா 2 சுத்து. வேகம் குறையும்தான், இதுல யாரு ரேஸ் விடப் போறா? செயின்ல கண்ணி சேர்க்க வேண்டி வரலாம், அதையும் பார்த்துக்கோங்க.

ஆனா முதல்ல காத்து! டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிற அளவுக்கு மூணுலயும் அடிங்க. சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விடுங்க. பிரேக் உரசினா 'சர்ர்'னு சத்தமே காட்டிக் கொடுத்துடும். அப்புறம் சீட் உயரம். குதிகாலைக் கீழ் பெடல்ல வெச்சா கால் நேரா நீளணும். முட்டி மடங்கியே இருந்தா எந்தப் பல்சக்கரம் போட்டாலும் தொடைதான் கடுக்கும்.