உடைந்து உருண்டையான ஹைஜியா

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையைப் பற்றி எழுதுவோர் சீரிஸையும் வெஸ்டாவையும் விடாமல் குறிப்பிடுகிறார்கள். அளவில் நான்காவதான ஹைஜியாவைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். சுமார் 430 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறுகோள் இப்படிக் கவனிக்கப்படாமல் கிடப்பதற்கு அதன் கருமையே முதற்காரணம். கரிமம் மிகுந்த அதன் மேற்பரப்பு, தன்மீது படும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. அது இருப்பதும் பட்டையின் வெளிப்பகுதியில்தான். அதனால்தான் அதைவிட மிகச் சிறிய ஜூனோ 1804இலேயே கண்ணில் பட்டுவிட, ஹைஜியா 1849 ஏப்ரல் 12 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று நேப்பிள்ஸில் அதைக் கண்டறிந்தவர் இத்தாலிய வானியலாளர் அன்னிபாலே தே காஸ்பாரிஸ். அப்போது நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் அரச குடும்பத்தைச் சிறப்பிக்க ‘போர்போனிகா’ என்றொரு பின்னொட்டையும் பெயரில் சேர்த்தார்கள். அது நிலைக்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

ஹைஜியாவின் சுழற்சியைக் கணக்கிட்டதில் நேர்ந்த பிழை சுவையானது. நீள்வடிவச் சிறுகோள் ஒன்று தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்குள் அதன் அகன்ற பக்கம் இருமுறை நம்மை நோக்கித் திரும்புவதால், ஒளி இருமுறை கூடிக் குறையும். ஹைஜியாவும் அவ்வகையே என்று கருதி, ஒரு சுழற்சிக்கு 27.6 மணி நேரம் என நெடுங்காலம் எழுதிவந்தார்கள். உண்மையில் அது அதில் பாதி, அதாவது 13.8 மணி நேரமே. ஹைஜியா நீண்டதன்று, ஏறத்தாழ உருண்டை.

சிலியிலுள்ள, ‘மிகப்பெரிய தொலைநோக்கி’ (VLT) என்றே பெயர்பெற்ற தொலைநோக்கியின் ஸ்ஃபியர் கருவி எடுத்த படங்களைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வே இதைத் தெளிவாக்கியது. ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததோ வேறு. ஹைஜியாவின் சுற்றுப்பாதையை ஒட்டி, அதிலிருந்து சிதறியவை எனக் கருதப்படும் ஏறத்தாழ 7,000 சிறுகோள்கள் ஒரு குடும்பமாக உலவுகின்றன. இத்தனை துண்டுகளை உதிர்த்த மோதல், வெஸ்டாவில் காண்பதுபோல் ஒரு மாபெரும் பள்ளத்தை விட்டுச்சென்றிருக்க வேண்டும். ஆனால் மேற்பரப்பில் 95 விழுக்காட்டைப் படம்பிடித்த பின்பும், உறுதியாகச் சொல்லக்கூடிய பள்ளங்கள் இரண்டே தென்பட்டன. இரண்டுமே அவ்வளவு பெரியவை அல்ல.

கணினி மாதிரிகள் தரும் விடை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், 75 முதல் 150 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு பொருள் நேருக்கு நேர் மோதியதில் தாய்க்கோள் முற்றிலும் நொறுங்கியது. அந்த இடிபாடுகள் தம் ஈர்ப்பினால் மீண்டும் ஒன்றுகூடியபோது, பாறைக்குவியல் சிறிது நேரம் நீர்மம்போல் நெகிழ்ந்து உருண்டை வடிவத்தில் அமர்ந்தது. பள்ளத்தைத் தாங்கியிருக்க வேண்டிய பழைய உடலே அங்கு இல்லை.

சீரிஸ், புளூட்டோ போன்ற குறுங்கோள்களுக்குரிய தகுதிகளுள் தன் ஈர்ப்பால் உருண்டையாவதும் ஒன்று என்பதால், ஹைஜியாவை அந்த வரிசையில் சேர்க்கலாம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் இதுவரை அதற்கு அந்தத் தகுதியை வழங்கவில்லை. வழங்குவதற்கு முன், நொறுங்கிச் சேர்ந்ததால் வந்த உருண்டையையும் நொறுங்காமலே வந்த உருண்டையையும் ஒன்றாகக் கருதலாமா என்பதைத் தீர்த்துக்கொள்வது நல்லது என்பேன்.