இடுப்பிலிருந்து முழங்கால் வரை: சமோவா தத்தாவ் நாட்குறிப்பு

ஜூன் 3

நாம் பச்சை 'குத்துகிறோம்'. ஊசி இறங்குவதைத்தான் நம் வினைச்சொல் பிடித்துக்கொண்டது. பசிபிக் தீவுக்கூட்டமான சமோவாவில் அந்த வினை 'தா', அதாவது தட்டு, அடி. காரியத்தின் பெயர் தத்தாவ். 'முறையானது, செய்ய வேண்டியது' என்ற பொருளிலும் அன்றாடப் பேச்சில் அதே சொல் வரும். 1769இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் தஹீத்தித் தீவில் நின்றபோது, கூட வந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் அங்கே கேட்ட சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். உலகம் இன்று 'டாட்டூ' என்பது அந்த வழியாக வந்ததுதான்.

சமோவா, தஹீத்தி எல்லாம் அடங்கும் பசிபிக் பகுதி பாலினீசியா. ஆனால் 'பாலினீசியப் பச்சை' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது தவறு. நியூசிலாந்து மாவோரிகளின் மோக்கோ, உளியால் தோலில் பள்ளக்கோடு வெட்டுவது. தடவினால் பள்ளம் தெரியும். மார்க்கேசஸ் தீவுகளில் முகம் முதல் பாதம் வரை நிரப்பினார்கள். சமோவாவில் ஆணுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை பெயா, பெண்ணுக்குத் தொடையிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை மாலு. இந்தக் குறிப்புகள் சமோவாவை விட்டு அதிகம் நகராது. தஹீத்தி உட்படப் பல தீவுகளில் அறுந்துபோன கைத்தொழில் மரபு, இங்கே அறுபடாமல் வந்திருக்கிறது.

ஜூன் 5

கருவியின் பெயர் 'அவ்'. தச்சரின் வாச்சியைச் சிறிதாக்கினால் வரும் வடிவம். மரக்கைப்பிடி, அதன் முனையில் ஆமை ஓட்டுத் தகடு, தகட்டின் விளிம்பில் பல் வைத்த சீப்பு. மூன்றையும் நாரால் இறுக்கிக் கட்டுவார்கள்.

சீப்புக்குக் காட்டுப்பன்றியின் கோரைப்பல். நீளவாக்கில் பிளந்து, கல்லில் தேய்த்து மெலிதாக்கி, விளிம்பில் பல் வெட்ட வேண்டும். ஒரு கோரைப்பல்லில் அகலத் துண்டு கிடைக்காது. பட்டையாகக் கருப்படிக்கும் பெரிய அவ் வேண்டுமென்றால், பல துண்டுகளைத் துளையிட்டு அருகருகே தைத்துச் சேர்ப்பார்கள். மெல்லிய கோட்டுக்கு ஒன்று, தடித்த கோட்டுக்கு ஒன்று, புள்ளிக்கும் சிறு குறிக்கும் குறுகிய ஒன்று என்று தொகுப்பாகத்தான் இருக்கும்.

இதில் உயிர்நாடி, பற்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பது. ஒரு பல் மட்டும் மயிரிழை நீண்டிருந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் அது ஒன்றே ஆழமாகப் போகும். அங்கே ரத்தம் கூடும், மை கரைந்து வெளியேறும், ஆறியபின் கோட்டின் நடுவில் தழும்பு மேடு கட்டும். ஒரு பல் குட்டையென்றால் அந்த இடத்தில் மை மேல்தோலோடு நின்றுவிடும். மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாவது, மையும் அதோடு போய்விடும். உள்தோல் வரை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கினால்தான் நிற்கும்.

ஆமை ஓடு வெறும் இணைப்புத் துண்டு இல்லை. அது லேசாக வளைந்து மீளும். அந்த மீட்சிதான் பல்லைத் தோலிலிருந்து தூக்குகிறது.

ஜூன் 6

நேற்று எழுதாமல் விட்டது, வயது. டோங்கா நாட்டின் டோங்காதாபு தீவில் 1960களில் கிடைத்த நான்கு எலும்புச் சீப்புகளை ஆய்ந்து, ஏறத்தாழ 2,700 ஆண்டுப் பழமை என்று 2019இல் அறிவித்தார்கள். பாலினீசியா முழுவதும் பிறகு பரவிய சீப்புகளின் வடிவமேதான். பாலினீசியரின் முன்னோரான லபீட்டா மக்கள், மட்பாண்டத்தின் ஈரக் களிமண்ணில் பல் வைத்த அச்சால் குத்திக் குத்திக் கோலம் போட்டிருப்பார்கள். அந்தக் கோலத்தையும் இந்தச் சீப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு கண்ணுக்கே தெரியும்.

ஜூன் 9

மை: லாமா. நாட்டு அக்ரோட்டு மரத்தின் கொட்டை. மலேசியத் தமிழர்கள் குழம்புக்கு அரைக்கும் புவா கெராஸ் இதுவேதான். பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய் என்பதால் தீ வைத்தால் விளக்காக நின்று எரியும், கரியும் நிறையக் கக்கும். மேலே கவிழ்த்த கல்லிலோ தகட்டிலோ படியும் புகைக்கரியைச் சுரண்டிச் சேர்த்து, தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள்.

கண்மைக்குப் புகை பிடித்தவர்களுக்கு இதன் நுணுக்கம் புரியும். கரியோடு எரியாத துணுக்கு ஒன்று சேர்ந்தாலும் பல்லிடுக்கை அடைக்கும். நீர்க்கக் கரைத்தால் ஆறியபின் சாம்பல் நிறம். கெட்டியானால் பல்லிலேயே தங்கிவிடும், தோலுக்குள் போகாது.

ஜூன் 12

குத்துபவர் துஃபுங்கா. ஆனால் பாதி வேலை அவர் கையில் இல்லை. இருபுறமும் தோலை இழுத்துப் பிடிக்கும் உதவியாளர்கள் தோசோ. இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை, அது பெரிய குறை.

தோல் முரசுத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தால்தான் பல் நேராக இறங்கி நேராக ஏறும். தளர்ந்தால் சீப்பு துள்ளும், ஒரு கோடு இரண்டாகும். இழுக்கும் திசையும் முக்கியம். கோணலாக இழுத்த தோலில் நேராகப் போட்ட கோடு, கையை எடுத்ததும் வளைந்துவிடும். ரத்தத்தைத் துடைப்பதும் தோசோதான். துடைக்கப் பிந்தினால் துஃபுங்காவுக்கு முந்தைய வரி தெரியாது. பென்சில் வரைவு எதுவும் இல்லை, முந்தைய வரிதான் அடுத்த வரிக்கு அளவுகோல்.

துஃபுங்கா இடக்கையில் அவ்வைப் பிடித்து, வலக்கையிலுள்ள சௌசௌ என்ற கோலால் அதன் காம்பில் தட்டுகிறார். மணிக்கட்டு வேலை, தோள் வேலை இல்லை. கோல் எடை தட்டிக்கொள்ளும். ஓங்கி அடித்தால் சீப்பு ஆழம் தப்பும்.

ஜூன் 16

வரிசை மாறாது. முதுகில் தொடக்கம், தொப்புளில் முடிவு. முதலில் இடுப்புக்கு மேல் குறுக்கே 'வஆ', படகு. இரு முனையும் விலாப்பக்கம் மேலேறி நிற்கும். இந்த மேல்விளிம்பு ஒரு விரல் சாய்ந்தால் கீழே வருவது எல்லாம் சாயும், ஆகவே அளவெடுப்பதில் பொறுமை இங்கேதான் காட்டுவார்கள். பிறகு முதுகிலிருந்து வயிற்றுப்பக்கம் வளைந்து வரும் கோடுகள், 'ஆசோ'. சமோவா வீட்டுக் கூரையின் வளைமரத்துக்கும் அதே பெயர். படகும் வீடும் உடம்பில் ஏறுகின்றன. பிறகு பிட்டம், தொடை, முழங்கால், அடிவயிறு. கடைசியாகத் தொப்புளைச் சுற்றிச் சிறியதாக ஒன்று, 'புத்தே'.

இடையிடையே பூரான், மீன்பிடி வலை, ஆலா பறவை, நட்சத்திர மீன். இவற்றை 'இதற்கு இன்ன அர்த்தம்' என்று அகராதி போட்டு விற்பவர்களை நம்ப வேண்டாம். ஒரு சிறு குறியைப் பிய்த்தெடுத்து 'வீரம்' என்று பெயர் சூட்டினால், நெசவிலிருந்து ஒரு நூலை உருவி அதைச் சேலை என்பது போல ஆகும்.

ஜூன் 17

பாதியில் எழுந்துபோனவருக்குப் 'பெயா முத்து' என்று பெயர். நம் முத்து இல்லை. அங்கே அது 'அறுபட்டது'. வலி, காய்ச்சல், பணம், காரணம் எதுவானாலும் அந்தப் பெயர் குடும்பத்தின் மேலும் விழும். அதனால்தான் தனியாக உட்காருவது வழக்கமில்லை. 'சொவா' என்று ஒரு துணை, இருவரும் மாறி மாறிப் படுப்பார்கள். உறவினர் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள், விசிறுவார்கள். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் குளிப்பாட்டி, நீவி, தேங்கிய ரத்தத்தையும் மிச்ச மையையும் வெளியேற்றுவார்கள். அந்த நீவுதல் குத்துவதைவிடக் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. தவிர்த்தால் வீக்கம் இறுகி, அடுத்த நாள் தோலை இழுக்கவே முடியாது.

ஜூன் 21

தொற்று. இடுப்பு முதல் முழங்கால் வரை திறந்த புண் என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் தசை அழுகும் அளவுக்குத் தொற்று ஏற்பட்ட நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பன்றிப்பல்லில் நுண்துளைகள் உண்டு, நார்க்கட்டில் ரத்தம் ஊறும். கிருமியைக் கொல்ல 121 டிகிரி நீராவியில் வைத்தால் ஓடு வளையும், பல் வெடிக்கும். அதனால் இன்று பலர் எஃகு ஊசிகளை வரிசையாகப் பதித்த சீப்புக்கு மாறிவிட்டார்கள். எஃகு அந்த நீராவியைத் தாங்கும். கைப்பிடி, கோல், தட்டு, வரிசை எதுவும் மாறவில்லை. மரபு கெட்டுவிட்டது என்று புலம்ப இதில் ஒன்றுமில்லை.

ஜூன் 24

லண்டன் மிஷனரி சங்கத்தின் ஜான் வில்லியம்ஸ் 1830இல் சமோவாவில் இறங்கினார். சங்கம் தத்தாவை எதிர்த்தது. டோங்காவில் 1839ஆம் ஆண்டு வவாவு சட்டம் நேராகவே தடை போட்டது. சமோவாவில் அடங்காததற்குக் காரணம், தலைவர்களின் சபையில் பணிசெய்ய பெயா வேண்டும் என்ற ஊர் ஒழுங்கு. முடித்தவர் 'சொங்காய்மித்தி'. வேட்டியை மடித்துக் கட்டி, தொடைக்கோடு தெரிய, காவா பானத்தை ஏந்திப் பரிமாறுவது அவர் வேலை. பெயா வீரப் பதக்கம் இல்லை, ஊழியக்காரனின் உடுப்பு. 2013இல் ஒரு விளையாட்டு உடை நிறுவனம் இதே கோலத்தைப் பெண்களுக்கான கால்சட்டையில் அச்சிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. ஆணின் உடுப்பைப் பெண்ணின் காலில் போட்டுக் காசாக்கியது அந்த மக்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

ஜூன் 27

முடிந்த நாளில் சாமாங்கா என்ற நிறைவுச் சடங்கு. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து உடம்பெங்கும் பூசுவார்கள். மஞ்சள் கிழங்கு, அந்தத் தீவுகளுக்கு முன்னோரின் படகிலேயே போன பயிர். துஃபுங்காவுக்குத் தாழையோலையில் நெய்த மென்பாய்களும் உணவும் கொடுப்பார்கள். நல்ல பாய் ஒன்று நெய்ய மாதக்கணக்காகும். ஆகவே ஒரு பையனின் பெயாவுக்கு வீட்டுப் பெண்கள் வெகுநாள் முன்பே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஜூன் 28

மாலுவைச் சுருக்கமாகவாவது சேர்க்க வேண்டும். இதில் கருப்புப் பட்டை இல்லை. மெல்லிய குறிகள், இடையே நிறையத் தோல் வெறுமையாக. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். 'மாலு' என்றால் நிழல், காப்பு. முழங்காலின் பின்மடிப்பில் விழும் சாய்சதுரத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். மடிப்புத் தோல் மெலிது, நரம்பு மிகுந்த இடம். காலை முழுக்க நீட்டி, இரண்டு தோசோ இழுத்துப் பிடித்த பிறகே அங்கே சீப்பை வைப்பார்கள். பாவாடைக்குள் மறைந்தே இருக்கும் அந்தக் குறி, அவள் சபையில் ஆட எழும்போது தெரியும்.