180 கிலோபேஸில் ஒரே ஓர் எழுத்து

என்னிடம் இருந்தது சுமார் 180 கிலோபேஸ் (1,80,000 எழுத்து) நீளமுள்ள ஒரு பேக் குளோன், அதாவது பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்க்கும் ஒரு பெரிய டிஎன்ஏ வளையம். அதில் ஒரே ஒரு பேஸை, அதாவது டிஎன்ஏவின் ஓர் எழுத்தை, மாற்ற வேண்டும். இவ்வளவு பெரிய டிஎன்ஏவில் வழக்கமான வெட்டி ஒட்டும் வேலை நடக்காது. பெரும்பாலான வெட்டும் நொதிகள் பல இடங்களில் வெட்டிவிடும். செல்லுக்குள்ளேயே பொருந்தும் வரிசைகளை இணையவைத்து டிஎன்ஏவை மாற்றும் ரிகாம்பினியரிங்தான் வழி.

எஸ்டபிள்யூ102 என்ற ஈ.கோலை ரகத்தை எடுத்துக்கொண்டேன். லாம்டா வைரஸின் எக்ஸோ, பீட்டா, காம் மரபணுக்கள் அதில் உண்டு. 32 டிகிரியில் அடங்கிக் கிடக்கும்; 42 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் வேலை செய்யும். நாம் கொடுக்கும் துண்டின் இரு முனையிலும் 50 பேஸ் பொருந்தினால் போதும், சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

முதலில், மாற்ற வேண்டிய இடத்தில் கேல்-கே மரபணுவை அடையாளமாக நுழைக்க வேண்டும். கேலக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த செல்லுக்கு அது தேவை. இரண்டு முறை ஒரு காலனிகூட வரவில்லை. செல்களைக் கழுவிய விதம்தான் காரணம். அடியில் படிந்த செல் கட்டியை (பெல்லட்) கலைக்கக் குழாயைக் கையில் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சூடே போதும், கெடுத்துவிடும். அப்புறம் குழாயை ஐஸ்தண்ணீரில் அமிழ்த்தியபடியே மெல்லச் சுழற்றிக் கலைத்தேன். மூன்றாம் முறை, கேல்-கே உள்ள செல்களை நிறத்தால் காட்டும் மெக்கான்கி தட்டில் பளிச்சென்று சிவப்புக் காலனிகள்!

அடுத்து கேல்-கேவை எடுத்துவிட்டு, நம் மாற்றம் உள்ள துண்டை வைக்க வேண்டும். டிஆக்ஸி-கேலக்டோஸ் தட்டில் கேல்-கே உள்ள செல்கள் வளராது. தட்டு நிறையக் காலனிகள் வந்தன. குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் 12 காலனிகளைப் பார்த்தேன். கேல்-கே எதிலும் இல்லை, என் துண்டும் எதிலும் இல்லை. பேக்கை நொதியால் வெட்டி, துண்டுகளை நீளப்படி பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, மூலக் குளோனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பெரிய பட்டைகள் சில காணாமல் போயிருந்தன. திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் தங்களுக்குள் இணைந்து, கேல்-கேவோடு அக்கம்பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டன. பிசிஆரை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு கட்டத்திலும் இந்தப் பட்டை ஒப்பீட்டைக் கட்டாயம் செய்யுங்கள்.

துண்டைச் செல்லுக்குள் நுழைக்கக் கொடுக்கும் மின்னதிர்ச்சிக்குப் பிறகு செல்களை ஒரு மணி நேரம்தான் வளர்த்திருந்தேன். அதுவும் தவறு. பிரியும் செல்லில் பேக்கின் பழைய பிரதியும் கூடவே இருக்கலாம். அது பிரிந்து போக நேரம் வேண்டும். அடுத்த முறை நாலரை மணி நேரம் விட்டேன், தட்டில் பரப்புமுன் எம்9 என்ற உப்புக் கரைசலில் கழுவினேன். 24 காலனிகளில் 3 தேறின. மூன்றிலும் பட்டைகள் மூலக் குளோனோடு அப்படியே பொருந்தின. சீக்வென்சிங்கில் ஜி இருந்த அந்த இடத்தில் ஏ.