கப்பல் பட்டியலைத் தட்டச்சுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த இந்திய முன்னோரைத் தேடும் ஆய்வு எதுவானாலும், கடைசியில் அவர்களைப் பதிந்த கப்பல் பட்டியலில்தான் போய் நிற்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களை எக்செலில் ஏற்றும்போது முதலில் கெடுவது தேதி.

எக்செலுக்கு 1900-க்கு முன்னால் காலமே கிடையாது. 1860-11-16 என்று அடித்தால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 1902-11-16 என்றால் தேதியாக்கிக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் 1902 மேலே, 1860 கீழே. பிறகு சுதாரித்து நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' (வெறும் எழுத்து) என்று மாற்றினாலும், அந்த 1902 தேதிக்குப் பதிலாக எக்செலின் உள் நாள் கணக்கான 1051 என்ற எண்தான் மிஞ்சும். முதல் வரியை அடிக்குமுன்பே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

பெயருக்கு இரண்டு நெடுவரிசை வேண்டும். ஒன்றில் குமாஸ்தா எழுதிய ஆங்கில எழுத்துகள், பிழையோடு அப்படியே. 'மூன்சாமி'யை முனுசாமி என்றோ முனிசாமி என்றோ நாம் படிப்பது இன்னொன்றில். முதலாவதில் கைவைத்தால், பிழை குமாஸ்தாவுடையதா தட்டச்சியவருடையதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தவிர, இன்று குடும்பப் பெயராக இருக்கும் மூன்சாமி அன்று ஒருவரின் சொந்தப் பெயர். பெயரை வைத்துக் கோப்புகளை இணைத்தால் யார் யாரோ உறவாகிவிடுவார்கள்! வந்திறங்கியவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த காலனி எண்ணை வைத்தே இணையுங்கள்.

தமிழில் அடித்ததிலும் ஒரு வம்பு உண்டு. 'கோவிந்தன்' என்பதன் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் பதிவாகலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைத்தான் நிரலில் தேடினால் கொஞ்சம் கோவிந்தன்கள் காணாமல் போயிருப்பார்கள். எல்லாவற்றையும் இரண்டு குறியீட்டை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்து, தமிழ் எழுத்து சிதையாத யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமியுங்கள்.

பட்டியலில் இருப்பவர்கள் காலமாகிவிட்டார்கள். தனிநபர் தகவலைக் காக்கும் தென்னாப்பிரிக்காவின் 'போப்பியா' சட்டம் உயிரோடிருப்பவர்களுக்கு. ஆனால் ஆய்வுக்காக இன்றைய பாட்டிமாரிடம் எடுக்கும் குரல் பதிவு அதற்குள் வரும். பேச்சு உடல்நலம், சமயம் என்று போனால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பதிவுகளுக்குப் பெயருக்குப் பதில் எண் இட்டால், யார் எந்த எண் என்று சொல்லும் கோப்பைப் பதிவுகள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் வைக்காதீர்கள். பட்டியலில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. சட்டம் தடுக்காவிட்டாலும், அதைப் பொதுவில் போட வேண்டாம் என்பேன்; பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

அந்தக் குரல் பதிவுகளும் பெரியவை: சிடி தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு 600 எம்பியைத் தாண்டும். நகலெடுக்கும்போது லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் கோப்பின் பெயர் டிஸ்க்கில் தெரியும், பேச்சு பாதியில் அறுந்திருக்கும். மூலம், நகல் இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்புக் குறி) எடுத்து, ஒத்துப்போன பிறகே ரெக்கார்டர் கார்டை அழியுங்கள்.