சிவப்புப் புள்ளி

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், “அடுத்தவர் எழுதிய கட்டுரைக்கு நம்பர் வாங்கித் தருவது” என்பேன். அந்த நம்பருக்குப் பெயர் பிஎம்சிஐடி.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். பணத்தில் நடந்த ஆய்வென்றால், அந்தக் கட்டுரை பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்க வேண்டும். அங்கே சேர்ந்ததற்கு அடையாளம்தான் அந்த நம்பர். 2005இல் ‘விரும்பினால் செய்யலாம்’ என்று தொடங்கியது, 2008 ஏப்ரலில் கட்டாயமானது. ஆனால் 2013இல், கட்டுரை சேரவில்லையென்றால் அடுத்த ஆண்டு மானியம் தாமதமாகும் என்றார்கள் பாருங்கள், அப்புறம்தான் எங்களைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பேராசிரியர். ஆண்டறிக்கைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. திரையில் ஒரு கட்டுரைக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி, அதாவது இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். “அதுதான் பப்மெட்டில் இருக்கிறதே, நம்பரும் இருக்கிறதே?” என்றார். அவர் காட்டியது பிஎம்ஐடி, அது பப்மெட் தரும் வேறொரு எண். பப்மெட் வெறும் அட்டவணை. சுருக்கம் இருக்கும், அவ்வளவுதான். முழுக் கட்டுரை இருப்பது பப்மெட் சென்ட்ரலில். பெயர் வைத்தவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

சரி, கோப்பை அனுப்புங்கள் என்றேன். ஆய்விதழின் முத்திரையோடு அச்சான பிடிஎஃப் வந்தது. அது பதிப்பாளருடையது, அதை நாங்கள் ஏற்ற முடியாது. வேண்டியது, மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தமெல்லாம் முடிந்து, பதிப்பாளர் கைவைப்பதற்கு முந்தைய பிரதி. அதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. முதல் ஆசிரியரான ஆய்வாளர் வேலை மாறிப் போயிருந்தார். அவரிடமிருந்து வந்த வேர்டு கோப்பைத் திறந்து பார்த்தேன். நான்காவது படத்தில் மூன்று வரைபடங்கள், அச்சில் நான்கு. அப்படியென்றால் இது திருத்தத்துக்கு முந்தையது. கடைசியில், ஆய்விதழுக்குக் கட்டுரையைச் சமர்ப்பித்த தளத்திலேயே, இடது ஓரம் முழுக்க வரி எண்களோடு சரியான பிரதி கிடைத்தது.

ஏற்றியதோடு முடியாது. கட்டுரையை எழுதியவர் ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும். என்.ஐ.எச். தரப்பில் அதை இணையப் பக்கமாக மாற்றிய பின் இன்னொரு முறை தர வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் தூங்குவது இந்த இரண்டாவது மின்னஞ்சலில்தான். “முதலிலேயே சரி சொல்லிவிட்டேனே” என்பார்கள். யாரும் எதிர்த்து நிற்பதில்லை, ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம் அந்தப் பன்னிரண்டு மாதம். வெளியான பிறகு ஓராண்டுவரை பொதுமக்கள் பார்வைக்கு வராமல் இருக்கலாம் என்பதுதான் பழைய விதி. பிரதியைத் தர ஓராண்டு அவகாசம் என்று பலர் படித்துக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட அன்றே தர வேண்டும் என்றுதான் அப்போதும் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்த ஓராண்டும் கிடையாது. வெளியான அன்றே திறந்திருக்க வேண்டும். எனக்கு இதில் நிம்மதிதான், விளக்க வேண்டியதில் ஒன்று குறைந்தது. ஏற்றுக்கொண்டோம் என்ற மின்னஞ்சல் வந்த அன்றைக்கே பிரதியை எடுத்து வையுங்கள் என்று ஆய்வகம் ஆய்வகமாகச் சொல்லி வருகிறேன்.

அந்தப் பேராசிரியரின் கட்டுரைக்கு ஒருவழியாக எண் கிடைத்தது. உடனே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: “நன்றி. இன்னும் மூன்று சிவப்பு இருக்கிறது.”